பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஜாலான் ஈப்போ காலை நெரிசலில் பெட்ரோல் டாங்கர் லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாத கோலாலம்பூர்க்காரர் யாரும் இருக்க மாட்டார். அடுத்த தடவை அப்படி நிற்கும்போது லோரியின் பின்பக்கத் தகட்டைக் கொஞ்சம் பாருங்கள். ‘3ஒய்இ’ (3YE) என்று ஒரு குறியீடு, 1203 என்று ஓர் எண், தீச்சுவாலை வரைந்த சிவப்பு வைர வடிவ அடையாளம், ஓர் அவசரத் தொலைபேசி எண்.

1203 என்றால் பெட்ரோல். ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு ஒவ்வோர் ஆபத்தான பொருளுக்கும் இப்படி நான்கு இலக்க எண் கொடுத்திருக்கிறது. 1202 டீசல். 1075 சமையல் எரிவாயு. 1005 அமோனியா. 1017 குளோரின். 1086 வினைல் குளோரைடு. 1830 கந்தக அமிலம். மலாய் பேசுகிறவரோ ஜப்பானியம் பேசுகிறவரோ, எந்த ஊர் தீயணைப்பு வீரருக்கும் இந்த எண் ஒரே பொருளைத்தான் சொல்லும். மேலே இருக்கும் 3ஒய்இ என்பது முதல் சில நிமிடங்களுக்கான கட்டளை. 3 என்றால் நுரை அடி. ஒய் என்றால் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு போ, கொட்டியதைச் சாக்கடைக்குள் ஓட விடாதே, திடீரென்று வெடிக்கலாம். கடைசி இ என்றால் சுற்றியிருக்கும் மக்களை வெளியேற்றுவது பற்றி இப்போதே யோசி. மூன்று எழுத்துக்குள் இவ்வளவு விஷயம்.

நான் இருப்பது செகாம்புட் பக்கம், தண்டவாளத்தை ஒட்டிய ஓர் அடுக்குமாடியில். அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர் என்பதால் ரயில் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. வடக்கே பாடாங் பெசாரிலிருந்து கிள்ளான் துறைமுகம் போகும் சரக்கு ரயில்கள் எங்கள் வீட்டுக்குக் கீழேதான் போகின்றன. ராத்திரி போகும் ரயிலில் சக்கரச் சத்தம் மட்டும்தான் தெரியும். எந்தப் பெட்டியில் எந்த எண் ஒட்டியிருக்கிறது என்று எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தெரியாது. பெரும்பாலும் கொள்கலன், சிமெண்ட். கொள்கலனுக்குள் ஆபத்தான சரக்கு இருந்தால் அதன் நாலு பக்கமும் வைர வடிவ அடையாளம் ஒட்ட வேண்டும் என்பது விதி. அதை விட்டால், மூடிய இரும்புப் பெட்டி எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான்.

இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது, 2025 ஜூலை 13 ஞாயிற்றுக்கிழமை காலையில். திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிப்போன சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தது. 18 டாங்கர் பெட்டிகள் எரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. சென்னையில் இருக்கும் மாமா மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காணொளி அனுப்பினான். வானம் முழுக்கக் கரும்புகை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “நம்ம வீட்டுக்குக் கீழே இப்படி ஆனா என்னடா செய்யறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து பழைய விபத்துகளின் கதைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே கேள்வி: பெட்டிக்குள் என்ன இருக்கிறது? அதற்குப் பதில் சீக்கிரம் கிடைத்த ஊர்களில் மக்கள் பிழைத்தார்கள். தாமதமான சில இடங்களில், உதவிக்குப் போனவர்களே முதலில் செத்தார்கள்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்று ஒரு சிற்றூர். 2023 பிப்ரவரி 3 ராத்திரி அங்கே ஒரு சரக்கு ரயிலின் சக்கர பேரிங் சூடேறி உடைந்து, 38 பெட்டிகள் தடம் புரண்டன. அவற்றில் 11 பெட்டிகளில் ஆபத்தான பொருட்கள். ஐந்தில் பிவிசி குழாய் செய்யப் பயன்படும் வினைல் குளோரைடு. முதலில் ஓடி வந்தவர்கள் அக்கம்பக்கத்துத் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள். பெட்டிகளில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் அடையாளங்கள் தீயில் உருகிப் போயிருந்தன. எந்தப் பெட்டியில் என்ன என்ற பட்டியல் ரயில் நிறுவனத்திடமிருந்து தாமதமாகத்தான் கைக்கு வந்தது. அதுவரை அவர்கள் என்ன எரிகிறது என்று தெரியாமலேயே அந்தப் புகைக்குள் நின்றார்கள்.

மூன்று நாள் கழித்து நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு டாங்கருக்குள் வேதிவினை ஓடுகிறது, வெடிக்கப் போகிறது என்று சிலர் பயந்தார்கள். அந்த இரசாயனத்தைத் தயாரித்த நிறுவனத்தின் நிபுணர்கள் அப்படி நடப்பதாகத் தெரியவில்லை என்று சொன்னார்கள். ஆனால் அந்தக் கருத்து, முடிவெடுக்க வேண்டிய உள்ளூர்த் தீயணைப்புத் தலைவரின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. அவருக்கு யோசிக்கக் கிடைத்தது 13 நிமிடம். ஐந்து டாங்கர்களையும் துளைத்து, கொட்டிய திரவத்தைக் கொளுத்தினார்கள். ஊருக்கு மேலே பெரிய கரும்புகைத் தூண் எழுந்த அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வினைல் குளோரைடு எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் சிறிதளவு பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவும் உண்டாகும். அந்தக் கொளுத்தல் தேவையே இல்லை என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024இல் முடிவு சொன்னது. அதே ஆண்டு ஜூனில் புது விதி ஒன்றும் வந்தது. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை ரயில் நிறுவனங்கள் மின்னணு வடிவில் கையில் வைத்திருந்து, விபத்து நடந்தால் மீட்புப் படைக்கு உடனே அனுப்ப வேண்டும்.

பட்டியல் இருந்தால் மட்டும் போதாது, அது உண்மையாகவும் இருக்க வேண்டும். கனடாவின் லாக் மெகாண்டிக் ஊரில் 2013 ஜூலை 6 அன்று, கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டாங்கர்களோடு ஆளில்லாத ரயில் ஒன்று சரிவில் உருண்டு வந்து ஊரின் நடுவில் கவிழ்ந்தது. 47 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 60 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டியது. தாளில் எழுதியிருந்ததைவிட அந்த எண்ணெய் சுலபமாக ஆவியாகித் தீப்பிடிக்கக் கூடியது என்பது விசாரணையில் தெரியவந்தது. இன்னொன்றும் உண்டு. முந்தின ராத்திரி மேட்டில் நிறுத்தியிருந்த ரயிலின் எஞ்சினில் சின்னத் தீ. தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்தார்கள், எஞ்சினையும் நிறுத்தினார்கள். எஞ்சின் நின்றதும் காற்றுப் பிரேக்கின் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. கைப்பிரேக்குகளும் போதுமான அளவு போட்டிருக்கவில்லை. அங்கே நின்றவர்கள் யாரும் தப்பு செய்ய நினைக்கவில்லை. எஞ்சினையும் பிரேக்கையும் பற்றித் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் நின்றிருந்தால் போதுமாயிருந்தது.

ஈரானில் நிஷாப்பூர் பக்கம் 2004 பிப்ரவரி 18 அன்று நடந்ததைப் படித்தபோது எனக்கு எங்கள் அடுக்குமாடி ஞாபகம்தான் வந்தது. கந்தகம், உரம், பெட்ரோல், பஞ்சு ஏற்றிய பெட்டிகள் தானாக உருண்டு போய்த் தடம் புரண்டன. தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் வந்தன, அதிகாரிகள் வந்தார்கள், பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். தீ அடங்குவது மாதிரி இருந்தது. காலை ஒன்பதரை மணிக்கு மேல் மொத்தமும் வெடித்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர். தடம் புரண்டபோது யாரும் சாகவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலானோர் பிறகு அங்கே வந்து நின்றவர்கள்.

எங்கள் மாடியில் ஒரு ராத்திரி தண்டவாளப் பக்கமிருந்து கண்ணை எரிக்கும் நெடி வந்தது. இரண்டு வருடம் இருக்கும். மொத்தக் குடியிருப்பும் நடைபாதைக்கு ஓடி வந்து கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தது. குழந்தைகள், கைப்பேசிகள், கைலியோடு அங்கிள்கள், எல்லாரும். நானும் நின்றேன். மூன்று வீடு தள்ளி இருக்கும் அண்ணன் பொம்பாவில், அதாவது தீயணைப்புத் துறையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் நேர் எதிராக நடந்துகொண்டார். ஒவ்வொரு கதவாகத் தட்டி, “உள்ளே போங்க, சன்னலை மூடுங்க, அப்புறம் பார்க்கலாம்” என்று சத்தம் போட்டார். பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஏதோ கொட்டிவிட்டதாம், அரை மணி நேரத்தில் காற்றோடு போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அவரிடம், “ஏண்ணே அவ்வளவு கோபம்?” என்று கேட்டேன்.

“தம்பி, நீங்க எல்லாம் நின்ன இடத்துல நான் யூனிஃபார்ம் போட்டு, மூச்சுக்கருவி மாட்டித்தான் நிப்பேன். அதுவும் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்த பிறகு.”

அவர் சொல்லித்தான் கட்டைவிரல் கணக்கு எனக்குத் தெரிந்தது. கையை நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விபத்து நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும். விரல் அந்த இடம் முழுவதையும் மறைத்தால் ஓரளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று அர்த்தம். மறைக்கவில்லை என்றால் இன்னும் பின்னால் போங்கள். வட அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் வண்டியில் வைத்திருக்கும் அவசரநிலைக் கையேடு இன்னும் கறாராகச் சொல்கிறது. எரிவாயு டாங்கர் தீயில் மாட்டிக்கொண்டால் எல்லாத் திசையிலும் 1,600 மீட்டருக்கு ஆட்களை விலக்கு. செகாம்புட்டில் ஒரு புள்ளியை வைத்து அந்த வட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். எத்தனை அடுக்குமாடிகள், பள்ளிகள், சூராவ், கோயில் உள்ளே வருகின்றன என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

இவ்வளவு தூரம் எதற்கு? பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். எரிவாயு டாங்கருக்குள் வாயு அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. வெளியே தீ சுட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். பாதுகாப்பு வால்வு திறந்து விசிலடிக்கும். ஆனால் திரவம் குறையக் குறைய, மேல்பகுதி இரும்பின் சூட்டை வாங்கிக்கொள்ள உள்ளே எதுவும் இருக்காது. இரும்பு இளகிக் கிழியும். மொத்தத் திரவமும் ஒரே நொடியில் வாயுவாகிப் பெரிய நெருப்புப் பந்தாக எழும்பும். வால்வின் சத்தம் கூடிக்கொண்டே போனாலோ, டாங்கரின் தோல் நிறம் மாறினாலோ, எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். 1973இல் அரிசோனாவின் கிங்மேன் ஊரில் புரொப்பேன் டாங்கர் ஒன்று இப்படி வெடித்ததில் 11 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

தீயே இல்லாமலும் இது நடக்கும். டென்னசி மாநிலத்தின் வேவர்லி ஊரில் 1978 பிப்ரவரி 22 அன்று ரயில் தடம் புரண்டது. எரிவாயு டாங்கர் ஒன்று நசுங்கிக் கிடந்தது, கசிவு இல்லை. இரண்டு நாள் ஆயிற்று. ஊர் நிம்மதியாகிவிட்டது, ஆட்கள் பக்கத்தில் போய் வேலையைத் தொடங்கினார்கள். பனிக்காலத்தில் கொஞ்சம் வெயில் வந்து டாங்கர் சூடேறியது. நசுங்கிய இடத்தில் இருந்த விரிசல் பிளந்தது. 16 பேர் இறந்தார்கள், ஊரின் போலீஸ் தலைவரும் தீயணைப்புத் தலைவரும் அதில் அடக்கம். அதற்குப் பிறகு அமெரிக்க டாங்கர்களுக்கு முகப்புக் கவசமும், கவிழ்ந்தாலும் பிரிந்து பக்கத்துப் பெட்டியைக் குத்தாத கொக்கியும் பொருத்தும் வேலையை வேகப்படுத்தினார்கள். பனிக்கால வெயிலுக்கே அந்தக் கதி. பகல் ஒரு மணிக்கு எங்கள் வீட்டுப் பால்கனிக் கம்பியில் கை வைக்க முடியாது என்பதை இங்கே யோசித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

சரி, எரிகிற எரிவாயுவை அணைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கூடாது. கசிவை நிறுத்த முடியாமல் தீயை மட்டும் அணைத்தால், வாயு எரியாமல் தரையோடு பரவி, எங்கோ ஒரு மோட்டார்சைக்கிள் பொறியில் மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். அணைக்காமல் காத்திருப்பதை நாம் கண்ணால் பார்த்தோம். 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்தது. கோயிலுக்குப் பக்கத்தில், கம்போங் வீடுகளுக்குப் பக்கத்தில். செருப்புக்கூட இல்லாமல் ஜனங்கள் ஓடினார்கள். அந்த நெருப்பைத் தண்ணீர் அடித்து அணைக்க முடியவில்லை. குழாயின் வால்வுகளை மூடி, மிச்சமிருந்த வாயு எரிந்து தீரும்வரை சுற்றுப்புறத்தைத்தான் காப்பாற்றினார்கள். “பொம்பா சும்மா நிக்குது” என்று அன்று சிலர் எழுதியதைப் படித்து வருத்தப்பட்டேன். அங்கே காத்திருப்பதுதான் சரியான வேலை.

நச்சுவாயு வந்தால் கணக்கு வேறு. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம். பள்ளத்தில், வாய்க்காலில், தரைக்குக் கீழே இருக்கும் கார் நிறுத்துமிடத்தில் போய்த் தேங்கும். தென் கரோலினாவின் கிரானிட்வில் ஊரில் 2005 ஜனவரி 6 அதிகாலை, முந்தின நாள் வந்த ஊழியர்கள் தடம் மாற்றும் கருவியைத் திருப்பி வைக்காமல் போனதால், ரயில் ஒன்று நின்றிருந்த பெட்டிகளில் மோதியது. ஒரு டாங்கரிலிருந்து குளோரின் கொட்டியது. 9 பேர் இறந்தார்கள். பக்கத்துத் துணி ஆலையில் இரவு வேலையில் இருந்தவர்கள் பலர். ஏறத்தாழ 5,400 பேரை வெளியேற்றினார்கள். குளோரின் கசியும் ஓட்டையில் தண்ணீர் அடிக்கவே கூடாது, அமிலமாகி ஓட்டையைப் பெரிதாக்கும். அமோனியா நேர்மாறு. தண்ணீர்த் திரை விரித்தால் அது வாயுவை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் தரையில் தேங்கிய திரவ அமோனியாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் இன்னும் வேகமாகக் கொதித்து எழும். வாயுவாகப் பார்த்தால் அமோனியா காற்றைவிட லேசு. ஆனால் கசிந்த புதிதில் கடுங்குளிரான வெள்ளை மூட்டமாகத் தரையோடுதான் ஊரும். பார்க்க எல்லாம் ஒரே புகை. ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் ஆள் சாவு. அதனால்தான் அந்த நான்கு இலக்க எண்.

நன்றாக நடந்த கதையும் ஒன்று உண்டு. கனடாவின் மிசிசாகாவில் 1979 நவம்பர் 10 நள்ளிரவை ஒட்டி, பேரிங் சூடேறி ரயில் தடம் புரண்டது. புரொப்பேன் டாங்கர்கள் வெடித்தன. நடுவில் 90 டன் குளோரின் இருந்த டாங்கர் ஓட்டை விழுந்து கிடந்தது. ரயிலின் பிரேக்மேன் ஒருவர் தீக்குப் பக்கத்தில் போய் முன்பகுதிப் பெட்டிகளின் காற்றுக்குழாய் வால்வை மூடினார், எஞ்சின் அவற்றை இழுத்துக்கொண்டு போனது. குளோரின் இருக்கிறது என்று தெரிந்ததும், காற்றின் திசை மாற மாற, வட்டம் வட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். மருத்துவமனை நோயாளிகள் உட்பட 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். எல்லாரும் வீடு திரும்ப ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. ஒருவர்கூட இறக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். தண்டவாளத்தில் நடக்கும் விபத்துக்கும் நெடுஞ்சாலையில் நடக்கும் விபத்துக்கும் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு. கேடிஎம் ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தடம் புரண்ட பெட்டி கம்பத்தைச் சாய்த்தால் கம்பி எங்கே விழுந்திருக்கிறது என்று இருட்டில் தெரியாது. மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைத் தரையோடு இணைத்து, இரண்டு பக்க ரயிலும் நின்றுவிட்டது என்று ரயில் கட்டுப்பாட்டு அறை உறுதி சொல்லும்வரை தண்ணீர்க் குழாயை நீட்டவே முடியாது. வேலி ஒரு பக்கம், நெடுஞ்சாலை ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம். வண்டியை நூறு மீட்டர் தள்ளி நிறுத்திக் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். 2017 நவம்பரில் பேங்க் நெகாரா நிலையத்துக்கும் பழைய கோலாலம்பூர் நிலையத்துக்கும் இடையில் சரக்கு ரயில் தடம் புரண்டு, மின்கம்பங்கள் சாய்ந்து, கொமியூட்டர் ரயில் சேவை தடுமாறியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அன்று நாம் கவலைப்பட்டது வேலைக்குத் தாமதமாவதைப் பற்றி மட்டும்தான். நகரத்தின் நடுவயிற்றில் அது நடந்தது.

சம்பவ இடத்தை மூன்று வட்டமாகப் பிரிப்பார்கள். சிவப்பு வட்டத்துக்குள் முழு உடைக் கவசமும் மூச்சுக்கருவியும் போட்டவர்கள் மட்டும், எப்போதும் ஜோடியாக. அவர்களுக்கு ஏதாவது ஆனால் இழுத்துவர இன்னொரு ஜோடி தயாராக நிற்கும். மஞ்சள் வட்டத்தில் கழுவிச் சுத்தம் செய்யும் இடம். பச்சையில் கட்டளை மையம், ஆம்புலன்ஸ். அண்ணன் ஒன்று சொன்னார். காற்றே புகாத அந்த உடைக்குள் நம் ஊர் வெக்கையில் அரை மணி நேரம்கூடத் தாங்காதாம். உள்ளே போய், வேலை செய்து, திரும்பி வந்து, கழுவிக்கொள்ளும் நேரம் எல்லாம் அந்த ஒரு காற்றுக் குப்பிக்குள் அடங்க வேண்டும். “வெளியில நின்னு ஏன் லேட்டுன்னு கேப்பாங்க தம்பி, உள்ளே இருக்கறவன் நிமிஷத்தை எண்ணிக்கிட்டு இருப்பான்.”

கழுவும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே இரசாயனம் பட்டவர் உடையைக் கழற்றினாலே பெரும்பகுதி போய்விடும். அப்புறம் நிறையத் தண்ணீர். இதைச் செய்யாமல் நேராகக் காரில் மருத்துவமனைக்குப் போனால் காரில் இருப்பவர்களுக்கும் தாதிகளுக்கும் அது பரவும். ஆனால் நடுத்தெருவில் உடையைக் கழற்று என்றால் என் அம்மா கழற்றுவாரா? மாட்டார். நம் வீட்டுப் பெண்கள் யாரும் மாட்டார்கள். திரைத் துணி, பெண் அதிகாரி, மாற்றிக்கொள்ள ஒரு கைலி. இந்த மூன்றும் தயாராக இருந்தால்தான் இந்த ஏற்பாடு நம் மக்களிடம் வேலை செய்யும். குடியிருப்போர் சங்கம், கோயில் நிர்வாகம் எல்லாம் உதவக்கூடிய இடம் இது என்று நினைக்கிறேன்.

சட்டத்தில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. ஆபத்தான தொழிற்சாலைகளுக்கு மலேசியாவில் 1996 முதல் கடுமையான விதி இருக்கிறது, சிமா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தொழிற்சாலை தனக்குள் அவசரத் திட்டம் வைத்திருக்க வேண்டும், வெளியே இருக்கும் மக்களுக்குத் தகவல் தர வேண்டும், ஊராட்சி மன்றம் வெளிப்புறத் திட்டம் தயாரிக்க வேண்டும். ஆனால் அந்த இரசாயனத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவரும், கொண்டுபோகும் வாகனம் இந்த விதிக்குள் வராது. ஒரே பொருள் தொட்டியில் நின்றால் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும், சக்கரத்தில் ஏறி அவர் சன்னலுக்குக் கீழே போனால் வேண்டியதில்லை. பேரிடர் வந்தால் யார் தலைமை என்பதற்கு நம்மிடம் தெளிவான ஏற்பாடு உண்டு. 1993இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி இடிந்த பிறகு, 1997இல் வந்த தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் உத்தரவு அதற்கு அடித்தளம் போட்டது. அந்த உத்தரவின்படி போலீஸ் தலைமை, முன்னணியில் பொம்பா. ஆட்கள் இருக்கிறார்கள், தைரியம் இருக்கிறது. அவர்களுக்கு அந்த எண் எத்தனை நிமிடத்தில் கிடைக்கும் என்பதுதான் என் கவலை. நான் ரயிலுக்கு எதிரி கிடையாது. ஒரு சரக்கு ரயில் எத்தனையோ லோரிகளைச் சாலையிலிருந்து இறக்குகிறது. அதனால்தான் அது ஒழுங்காக ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வீட்டில் என்ன செய்வது? வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் சன்னலை மூடி உள்ளேயே இருங்கள் என்கின்றன. அவர்கள் வீட்டுச் சன்னல் மூடினால் மூடியதுதான். நம் பழைய அடுக்குமாடிகளில் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய நாக்கோ சன்னல்கள். எவ்வளவு இறுக்கினாலும் விரல் நுழையும் இடைவெளி. கதவுக்கு மேலே காற்றுக்கு என்று விட்ட ஓட்டைகள் வேறு. அதனால் வீடு முழுவதையும் அடைக்கப் பார்ப்பது வீண். சன்னல் குறைவான ஓர் உள்ளறையைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் அகலமான ஒட்டுநாடா, பிளாஸ்டிக் தாள், கதவடியில் ஈரத் துண்டு வைத்து அடைக்கலாம். மின்விசிறி, குளிரூட்டி, சமையலறை எக்சாஸ்ட் எல்லாம் நிற்க வேண்டும். பெட்ரோல் நெடியோ எரிவாயு நெடியோ உள்ளேயே வந்துவிட்டால் மட்டும் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். கனமான வாயு என்று தெரிந்தால் மேல்மாடி நல்லது, கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கவே கூடாது. வெளியேறச் சொன்னால் காற்றுக்குக் குறுக்காக நடந்து மூட்டத்தின் பாதையிலிருந்து விலக வேண்டும், அப்புறம் காற்று வரும் திசைக்கு. காற்றின் திசை தெரிய எங்கள் குடியிருப்பில் இருந்து பார்த்தால் கோயில் கொடி ஒன்று தெரிகிறது. 999க்கு அழைக்கும்போது புகையின் நிறம், நெடி, எந்த நிலையத்துக்கும் எந்த நிலையத்துக்கும் இடையில், தூரத்திலிருந்தே பெட்டியில் ஏதாவது எண் தெரிந்தால் அந்த எண். அதைப் படிப்பதற்காக ஓர் அடிகூடக் கிட்டே போக வேண்டாம். நல்ல கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கினால் போதும்.

போன மாதம் குடியிருப்போர் கூட்டத்தில் இதையெல்லாம் பேசினோம். மாநகர மன்றத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு கடிதம் எழுதலாம் என்று முடிவானது. என் வரைவில் இரண்டு கேள்விகள் இருந்தன. இந்தப் பாதையில் போகும் ஆபத்தான சரக்கின் பட்டியல் விபத்து நடந்தால் எவ்வளவு சீக்கிரம் நிலையத்துக்கு வரும்? எங்கள் மாடிகளைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு யார் மூலம், எந்தெந்த மொழியில் வரும்? அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பேனாவை வாங்கி, கீழே மூன்றாவதாக அவரே எழுதினார்: தண்டவாள வேலியில் தீயணைப்பு வண்டி நுழைய எந்த வாசல், ராத்திரி இரண்டு மணிக்கு அதன் சாவி யாரிடம் இருக்கும்?